பொதியமும் ஆலந்தலையும்

தமிழர் தாம் வாழும் நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்தாகப் பகுத்து வழங்கினர். இப்பகுப்பைக் கற்போர் சிலர், ஐவகை நிலமும் வேலியிட்டுப் பிரிக்கப்பட்ட ஐந்து தோட்டங்கள் போன்றவை என்று எண்ணிவிடுவதுண்டு. அஃது உண்மையன்று. மலையில் விழுந்த மழைத்துளி காட்டைக் கடந்து, வயலை நனைத்து, கடலிற் சென்று கலக்கின்றது. கடலினின்று எழுந்த ஆவி முகிலாகி மீண்டும் மலையை அடைகின்றது. ஆகவே நீரைக் கொண்டு நோக்குமிடத்து ஐவகை நிலமும் ஒரே நிலமாம். ஓரிடத்தில் நேர்ந்த கேடு மற்றோரிடத்தைத் தாக்காமல் நிற்பதில்லை.

தூத்துக்குடி மாவட்டத்தில், திருச்செந்தூருக்குத் தெற்கே, மன்னார் வளைகுடாவின் கரையில் ஆலந்தலை என்னும் ஊர் உள்ளது. கடல்தொழிலையே வாழ்வாகக் கொண்ட பரதவர் வாழும் பழைய ஊர் அது. முத்துக்கும் சங்குக்கும் பெயர்பெற்ற கரையின் ஒரு பகுதி அவ்வூர். அங்கிருந்து மேற்கே நெடுந்தொலைவில் பொதியமலை நிற்கின்றது. கடலையன்றிப் பிறிதொன்றையும் நம்பி வாழாத ஆலந்தலை மக்களுக்கும், காட்டையன்றிப் பிறிதொன்றையும் அறியாத பொதியமலை மக்களுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். அத்தொடர்பை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

மழையும் மலையும்

கடற்கரை மக்கள் காற்றைக் கொண்டே காலத்தை அறிவர். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என அவர்கள் காற்றுக்குத் திசைதோறும் பெயரிட்டு வழங்குகின்றனர். ஆனி, ஆடித் திங்கள்களில் மேற்கேயிருந்து கச்சான் காற்று வீசும். அக்காற்று அரபிக்கடலின் நீராவியைச் சுமந்து வருவது. எனினும் அது ஆலந்தலையை அடையும்பொழுது வறண்ட காற்றாகவே இருக்கும். மணலை வாரி இறைக்குமேயன்றி ஒரு துளி மழையும் தராது. இதற்குக் காரணம் இடையே மேற்குத்தொடர்ச்சி மலை குறுக்கிட்டு நிற்பதுதான். மலைச்சரிவில் மேலேறும் காற்று குளிர்கின்றது. குளிர்ந்த காற்றால் ஆவியைத் தாங்க இயலாது. ஆதலின் சுமந்து வந்த நீரையெல்லாம் மலையிலேயே பொழிந்துவிடுகின்றது. மலையைத் தாண்டி இறங்கும் காற்றில் ஈரம் மிகுதியாக இருப்பதில்லை. இவ்வாறு மலைக்கு இப்பால் மழை குன்றிய நிலத்தை மழைமறைவு நிலம் என்பர்.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்று எழும். அப்பொழுது வங்கக்கடலின் முகில்கள் கரையையும் நனைத்து மலையையும் நனைக்கும். ஆகவே கரைக்கு ஆண்டில் ஒரு மழைக்காலமே உண்டு; பொதியமலைக்கோ இரண்டு உண்டு. கரையோரத்தில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 70 சென்டிமீட்டரை எட்டுவது அரிது. மலையின் உயர்ந்த பகுதிகளிலோ அது 300 சென்டிமீட்டரையும் கடக்கும். மாஞ்சோலைக்கு மேலுள்ள நாலுமுக்கு, ஊத்து ஆகிய இடங்கள் தமிழ்நாட்டில் பெருமழை பெறும் இடங்களின் வரிசையில் அடிக்கடி இடம்பெறுவன.

மழை மிகுதியாகப் பெய்தால் மட்டும் ஆறு ஆண்டு முழுவதும் ஓடிவிடாது. பெய்த மழையைத் தேக்கிச் சிறிது சிறிதாக விடுவிக்கும் ஆற்றலும் மலைக்கு வேண்டும். அவ்வாற்றலைத் தருவன சோலைக்காடுகளும் அவற்றை அடுத்த புல்வெளிகளும் ஆகும். அடர்ந்த இலைகள் மழையின் வேகத்தைத் தணிக்கின்றன. உதிர்ந்த சருகு பஞ்சுபோல் நீரை உறிஞ்சுகின்றது. வேர்கள் மண்ணை இறுகப் பற்றி, அதனூடே நீர் இறங்குவதற்கு வழியும் செய்கின்றன. கார்த்திகையில் மண்ணுள் இறங்கிய நீர் மாசியிலும் பங்குனியிலும் ஊற்றாகக் கசிகின்றது. காட்டை அழித்துவிட்டால் அதே மழை ஒரே நாளில் வெள்ளமாக இறங்கி, மறுதிங்களில் ஆறு வறண்டு கிடக்கும்.

பொருநையின் போக்கு

பொதியமலையில் பிறந்து கிழக்கு நோக்கி ஓடும் தாமிரபரணியைப் பொருநை என்றும் வழங்குவர். சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனாநதி, பச்சையாறு, சிற்றாறு முதலியன அதனோடு வந்து கலக்கின்றன. ஏறத்தாழ 125 கிலோமீட்டர் தொலைவு ஓடி, புன்னைக்காயலுக்கு அருகே அது கடலை அடைகின்றது. தமிழ்நாட்டு எல்லைக்குள்ளேயே பிறந்து, அவ்வெல்லைக்குள்ளேயே கடலோடு கலப்பதும், ஆண்டு முழுவதும் ஓடுவதும் இவ்வாற்றின் சிறப்புகள்.

இவ்வாற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் ஆகிய ஏழும் பழைய மன்னர் காலத்தன. எட்டாவதாகிய ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் ஆட்சியில் எழுந்தது. பிற்காலத்தில் மலையடிவாரத்தில் நீர்த்தேக்கங்களும் கட்டப்பட்டன. 1940-களில் பாபநாசத்தில் நீர்மின்சாரம் பிறந்தது. காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் மணிமுத்தாறு அணை எழுந்தது. இவற்றால் காரும் பிசானமும் ஆகிய இருபோக நெல் விளைந்தது. வாழையும் வெற்றிலையும் செழித்தன. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் நகரங்களும் சிற்றூர்களும் குடிநீர் பெற்றன. அவ்வாற்றின் நீர் குழாய்வழியே தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்கும் சென்றது.

ஆலந்தலை ஆற்றின் கரையில் அமைந்த ஊர் அன்று. எனினும் திருச்செந்தூர் வட்டாரத்துக் கரையூர்களின் குடிநீருக்கு ஆதாரம் தாமிரபரணியே. கடற்கரையில் கிணறு தோண்டினால் பெரும்பாலும் உவர்நீரே ஊறும். திருச்செந்தூர்க் கடலோரத்து நாழிக்கிணற்றில் நன்னீர் ஊறுவதைக் கண்டு மக்கள் வியக்கின்றனர். அத்தகைய ஊற்று அரிதாக இருப்பதால் அன்றோ அவ்வியப்பு எழுகின்றது? உவர்நீருக்கு நடுவே நன்னீர் எவ்வாறு நிற்கின்றது? மழையாலும் ஆற்றாலும் குளத்தாலும் நிலத்துள் இறங்கிய நன்னீர், கடல்நீரினும் எடை குறைந்ததாகலின் அதன்மேல் மிதந்து நிற்கின்றது. நன்னீரின் வரவு குறைந்தாலும், இறைப்பு மிகுந்தாலும் கடல்நீர் உள்ளே ஏறிவிடும். ஒருமுறை உவர் ஏறிய கிணறு மீண்டும் இனிக்க நெடுங்காலம் ஆகும்.

மலையின் மக்கள்

இவ்வளவு நீரையும் தரும் மலையில் வாழ்வோர் யாவர்? முதற்கண் குறிக்கத்தக்கவர் காணிக்காரர். பொதியமலையின் இருபுறத்தும் வாழும் தொல்குடியினர் இவர். தம் மரபை அகத்திய முனிவரோடு இணைத்துக் கூறுவர். ஊர்த்தலைவரை மூட்டுக்காணி என்று அழைப்பர். தேன் எடுத்தலும், கிழங்கு அகழ்தலும், மரவள்ளியும் மிளகும் பயிரிடுதலும் இவர்தம் தொழில்கள். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துள் மயிலாறு, சேர்வலாறு, இஞ்சிக்குழி முதலிய இடங்களில் இவர்தம் குடியிருப்புகள் உள்ளன. இஞ்சிக்குழியில் வாழ்வோர் வெளியுலகை அடையக் காரையாற்று நீர்த்தேக்கத்தைக் கடந்து வரவேண்டும். கீழ்நிலத்து வயலுக்காகத் தேக்கிய நீர், மேல்நிலத்து மக்களின் பாதையில் குறுக்கிட்டு நிற்கின்றது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

அடுத்துக் குறிக்கத்தக்கவர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர். 1929-ஆம் ஆண்டில் சிங்கம்பட்டி ஜமீனுக்குரிய காட்டில் 8,373 ஏக்கர் நிலம் 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. அங்கே மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி ஆகிய தோட்டங்கள் எழுந்தன. கீழ்நாட்டினின்றும் வறுமையால் மலையேறிய மக்கள் அட்டைக்கடியிலும் குளிரிலும் உழைத்து அத்தோட்டங்களை உருவாக்கினர். 1999-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் நாள், கூலி உயர்வும் பிற உரிமைகளும் வேண்டி அவர்கள் திருநெல்வேலியில் ஊர்வலம் சென்றபொழுது காவலர் தடியடி நடத்தினர். ஆற்றில் இறங்கிய மக்களுள் 17 பேர் உயிர் இழந்தனர். தாம் காத்த மலையினின்று இறங்கிவரும் அதே தாமிரபரணியில் அவர்கள் மாண்டனர்.

பிற்காலத்தில் அம்மலை மீண்டும் காடாக வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது. 2024-ஆம் ஆண்டில் தோட்ட வேலை நின்றது. நான்கு தலைமுறையாக வாழ்ந்த மக்கள் மலையைவிட்டு இறங்க வேண்டியவராயினர். காடு மீள்வது ஆற்றுக்கு நன்மையே. அதில் ஐயம் இல்லை. ஆயினும் தமக்கெனக் கீழே ஒரு வீடோ காணி நிலமோ இல்லாதவர்க்கு, காடு மீள்வதன் விலை முழுவதையும் செலுத்தும் கடமை எங்ஙனம் வந்தது? இவ்வினாவுக்கு விடை காணாமல் மலையைக் காத்தோம் என்று கூறுதல் பொருந்தாது.

பருவம் பிறழ்தல்

இந்நிலையில் புதியதொரு துன்பமும் சேர்ந்துள்ளது. நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பதனால் எழும் கரியமிலவாயு வானில் மிகுந்து, உலகின் வெப்பத்தை உயர்த்தி வருகின்றது. 2024-ஆம் ஆண்டின் உலகச் சராசரி வெப்பம், எந்திரத் தொழில்கள் தோன்றுவதற்கு முன்பிருந்த நிலையினும் ஏறத்தாழ ஒன்றரைப் பாகை செல்சியசு மிகுந்திருந்தது. இஃது ஒரு சிறு வேறுபாடுதானே எனலாகாது. காற்றின் வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால் அது தாங்கக்கூடிய நீராவி நூற்றுக்கு ஏழு பங்கு மிகும். அதனால் மழை பெய்யாத நாள்கள் நீளும். பெய்யும் நாளிலோ ஒருசேரக் கொட்டும்.

இதன் கடுமையை 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18-ஆம் நாள்களில் தூத்துக்குடி மாவட்டம் கண்டது. 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பொழிந்தது. ஆலந்தலைக்கு அணித்தாகிய திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டர் பெய்தது. ஓராண்டில் பெய்யவேண்டிய மழை ஒருநாளில் பெய்தது என்று கூறினும் மிகையாகாது. மலையிலும் அன்று பெருமழை. தாமிரபரணியில் வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் நீர் பெருகியது. குளங்கள் உடைந்தன, ஏரல் முதலிய ஊர்கள் நீரில் மூழ்கின, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவுவண்டி ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்திடையே நின்றுவிட்டது. அதில் இருந்த ஏறத்தாழ 800 பயணிகளுக்கு அருகூர் மக்கள் சோறு சமைத்து அளித்தனர். கடற்கரைப் பரதவர் தம் வள்ளங்களை உள்நாட்டுக்குக் கொண்டுவந்து, வீடுகளின் மேல்தளத்தில் தவித்தவர்களை மீட்டனர். அலைமீது செல்லும் வள்ளம் அன்று வயல்மீது சென்றது. மருதநில மக்களை நெய்தல்நில மக்கள் காத்த நாள் அது.

மலைவாழ் மக்கள் அடையும் துன்பம் இதனினும் கொடிது. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, கேரளத்தின் மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து, தேயிலைத் தொழிலாளர் உறங்கிக்கொண்டிருந்த லயங்களின்மேல் விழுந்தது. இறந்தோரும் காணாமற்போனோரும் 70 பேர். அவருட் பலர் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாற்றைப் பூர்விகமாகக் கொண்டவர்கள். பஞ்சம் பிழைக்க மலையேறியவரின் பேரப்பிள்ளைகள் மலையின் கீழ்ப் புதையுண்டனர். 2024-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் வயநாட்டின் முண்டக்கையிலும் சூரல்மலையிலும் நிகழ்ந்த நிலச்சரிவு இதனினும் பெரிது. இமயத்திலோ பனிமலைகள் உருகி ஏரிகளாகத் தேங்கி நிற்கின்றன. 2023-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் சிக்கிமில் அத்தகைய ஏரி ஒன்று உடைந்து, தீஸ்தா ஆற்றின் குறுக்கே சுங்தாங்கில் இருந்த அணையை அடித்துச் சென்றது.

ஆறும் கடலும்

வெள்ளத்தையும் வறட்சியையும் தவிர மற்றொரு தொடர்பும் மலைக்கும் கரைக்கும் இடையே உண்டு. அது மணல். ஆறு நீரை மட்டும் சுமந்து வருவதில்லை. மலையை அரித்த மண்ணையும் சுமந்து வருகின்றது. அம்மண்ணே கடற்கரையைக் கட்டுகின்றது. பாண்டியர் துறைமுகமாகிய கொற்கை ஒருகாலத்தில் பொருநை கடலோடு கலந்த முகத்தில் இருந்தது. ஆறு கொணர்ந்த வண்டல் கடலைப் பின்தள்ளியதால், இன்று அது கடலினின்று சில கிலோமீட்டர் உள்ளே ஒரு சிற்றூராக இருக்கின்றது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டு எழுதிய காயல் துறைமுகமும் அவ்வாறே கரையை இழந்தது. அதன்பின் புன்னைக்காயல் எழுந்தது. மலையின் மண் மூன்று துறைமுகங்களின் வரலாற்றை மாற்றியது என்று கூறலாம்.

இக்காலத்தில் நிலைமை தலைகீழாக மாறியுள்ளது. ஆற்று மணலில் ஒரு பகுதி நீர்த்தேக்கங்களில் தங்கிவிடுகின்றது. ஒரு பகுதி கட்டடங்களுக்காக அள்ளப்பட்டது. ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த பொதுவுடைமைத் தலைவர் இரா. நல்லகண்ணு தொடுத்த வழக்கில், 2010-ஆம் ஆண்டு உயர்நீதிமன்ற மதுரைக்கிளை தாமிரபரணியில் மணல் அள்ளுவதற்கு ஐந்தாண்டுத் தடை விதித்தது. மணல் வரத்துக் குன்றிய கரையைக் கடல் அரிக்கும். வெப்பத்தால் கடல்மட்டம் உயர்வதும், கரையில் எழுப்பப்படும் கட்டுமானங்கள் மணலின் ஓட்டத்தைத் தடுப்பதும் அவ்வரிப்பை மிகுவிக்கும். ஆகவேதான் இக்கரையூர்களில் வாழும் பரதவர், கற்களைக் கடலுள் நீட்டிக் குவித்து அமைக்கும் தூண்டில் வளைவு வேண்டும் என்று கோரிவருகின்றனர். ஓரூரின் கரையை அது காத்தாலும் அடுத்த ஊரின் கரைக்கு மணல் செல்வதைத் தடுத்தல் கூடும். மலையினின்று வந்த மணலுக்குக் கல் முழுமையான ஈடாகாது.

ஆற்றுநீர் கடலில் கலத்தல் வீண் என்று கூறுவோர் உளர். இக்கூற்று நெய்தல் நிலத்தை மறந்தவர் கூற்றாகும். நன்னீரும் உவர்நீரும் கலக்கும் கழிமுகத்தில்தான் இறாலும் பலவகை மீன்களும் குஞ்சுப் பருவத்தைக் கழிக்கின்றன. அலையாத்தி மரங்கள் அங்கேதான் வேரூன்றுகின்றன. திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். அவ்வதிகாரத்துள், முகில் தான் முகந்த நீரைத் திருப்பி வழங்காது போயின் பெருங்கடலும் தன் வளத்தை இழக்கும் என்ற கருத்தை அமைத்தார். கடலுக்கும் நன்னீர் வேண்டும் என்னும் உண்மையைத் தமிழர் அன்றே உணர்ந்திருந்தனர். 1961-ஆம் ஆண்டோடு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. இனி மீன்வளமும் குன்றுமாயின் இக்கரை மக்களுக்கு எஞ்சுவது யாது?

நீதி யாது?

நீதி என்பது வழக்குமன்றத்தில் மட்டும் வழங்கப்படுவது அன்று. நன்மையையும் தீமையையும் முறையாகப் பகிர்ந்துகொள்ளுதலும் நீதியே. இத்தராசில் வைத்து நோக்கினால் மூன்று முறைகேடுகள் புலனாகும்.

முதலாவது, கேட்டைச் செய்தவர் ஒருவர். அதனை அனுபவிப்பவர் மற்றொருவர். உலகில் எழும் கரியமிலவாயுவில் ஏறத்தாழப் பாதிக்குப் பொறுப்பாவோர், மக்களுள் பத்தில் ஒரு பங்கினராகிய பெருஞ்செல்வரே. தலைச்சுமையாகத் தேன் கொணரும் காணிக்காரரும், கட்டுமரத்தில் துடுப்பிட்டு வாழ்ந்த பரதவரும் வானை வெப்பமாக்கியவர் அல்லர். ஆயினும் மலை சரிந்தால் முதலில் புதைபவர் அவர். கடல் ஏறினால் முதலில் வீடிழப்பவர் இவர்.

இரண்டாவது, காப்பவர் ஒருவர்; பயன் கொள்பவர் மற்றொருவர். காட்டைக் காக்கும் பொருட்டு மலைமக்கள் விறகு எடுத்தலையும், வேட்டையையும், வேளாண்மையைப் பெருக்குதலையும் விட்டுக்கொடுக்கின்றனர். அதனால் பெருகும் நீரைக் கீழ்நிலம் முழுவதும் நுகர்கின்றது. அவ்வாறு விட்டுக்கொடுத்தவர்க்கு நல்ல பாதையும் பள்ளியும் மருத்துவமும் செய்துதருதல் அருட்கொடை அன்று. நீரின் விலையுள் ஒரு பகுதி.

மூன்றாவது, கீழ்நிலத்தாருள்ளும் தலைமடையார், கடைமடையார் என்ற வேற்றுமை உண்டு. ஆற்றின் கடைசி அணைக்கட்டாகிய ஸ்ரீவைகுண்டம் 25,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்துக்கு நீர் தருவது. நூறாண்டுக்கு மேலாக அங்கே வண்டல் படிந்து, நீர் தேங்கும் இடம் சுருங்கிப்போயிற்று. 2015-ஆம் ஆண்டில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதனைத் தூர்வார ஆணையிட்டது. வறட்சியில் நீர் தலைமடையிலேயே நின்றுவிடும்; வெள்ளத்தில் எல்லா நீரும் கடைமடையில் வந்து சேரும். வயலுக்கும் குடிநீருக்கும் தொழிற்சாலைக்கும் இடையே பூசல் எழுவதும் கடைமடையில்தான். அதற்கும் அப்பால், நீரின் பங்கீட்டைப் பற்றிப் பேசும்பொழுது எவரும் அழைத்துக் கேளாதவராய் நிற்பவர் கழிமுகத்துப் பரதவர்.

நீதி செய்தல் இயலாதது அன்று என்பதற்குப் பொதியமலையே ஒரு சான்று தருகின்றது. 1987-ஆம் ஆண்டில் அம்மலையின் மேற்புறத்தில் ஆராய்ச்சியாளர் சிலர், காணிக்காரர் வழிகாட்ட நடந்துசென்றனர். வழிகாட்டிகள் களைப்பின்றி நடப்பதற்கு ஒரு பச்சிலையின் காய் காரணமாக இருப்பதை அவர்கள் கண்டனர். அதுவே ஆரோக்கியப்பச்சை. அதனின்று ஒரு மருந்து செய்யப்பட்டது. அதன் உரிமையால் வந்த வருவாயில் பாதி காணிக்காரருக்கு என முடிவு செய்து, 1997-இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளை நிறுவினர். மலையின் மருந்துக்கு மலைமக்களிடம் பங்கு கொடுப்பது முறையாயின், மலையின் நீருக்குக் கொடுப்பது எங்ஙனம் முறையன்றாகும்?

பிறநாட்டாரும் இவ்வழியைக் கண்டுள்ளனர். அமெரிக்காவின் நியூயார்க்கு நகரம் கேட்ஸ்கில் மலைப்பகுதியினின்று குடிநீர் பெறுகின்றது. நீரைத் தூய்மை செய்யப் பெருஞ்செலவில் ஆலை கட்டுவதற்கு மாறாக, மலையில் வாழும் உழவர்க்கும் ஊர்களுக்கும் பொருள் உதவி, ஊற்றுக்கண்ணிலேயே நீரைத் தூய்மையாகக் காக்க 1997-இல் அந்நகரம் உடன்பட்டது. நம் நாட்டிலும் இமாசலத்தின் பாலம்பூர் நகராட்சி, தன் ஊற்றைக் காக்கும் மேல்நிலத்துச் சிற்றூர் மக்களுக்கு ஆண்டுதோறும் பொருள் அளிக்க 2010-இல் ஒப்பந்தம் செய்துகொண்டது. தொகை பெரிதன்று, அதன் உட்பொருள் பெரிது. நீர் குழாயில் பிறப்பதில்லை, அதனைக் காக்கும் மக்கள் உளர் என்பதை ஒரு நகரம் ஒப்புக்கொண்டது.

செய்யத்தக்கன

இவற்றால் அறியத்தக்க கடமைகள் சில உள. மலைச்சோலைகளையும் புல்வெளிகளையும் காத்தல் முதற்கடமை. 2006-ஆம் ஆண்டின் வனவுரிமைச் சட்டம் தொல்குடியினர்க்கு வழங்கிய உரிமைகளை முழுவதும் நிறைவேற்றி, காட்டைக் காக்கும் பணியில் அவர்களையே முதல்வராகக் கொள்ளுதல் வேண்டும். தோட்டங்களை விட்டு இறங்கும் தொழிலாளர்க்கு வீடும் நிலமும் வேலையும் அளித்தபின்னரே அம்மலையைக் காட்டுக்கு ஒப்படைத்தல் அறமாகும். சரியக்கூடிய மலைச்சரிவுகளைக் கண்டறிந்து, அங்கே வாழ்வோரை மழைக்கு முன்பே பாதுகாப்பான இடத்தில் குடியமர்த்தல் வேண்டும்.

கீழ்நிலத்தில் குளங்களைத் தூர்த்து மனையாக்குதல் கூடாது. பெருமழையைத் தாங்கும் மார்பு குளங்களே. வறட்சியில் உவர்நீரைத் தடுக்கும் அரணும் அவையே. வெள்ளநீரை வறண்ட நிலத்துக்குத் திருப்பும் பொருட்டு 2009-இல் தொடங்கப்பெற்ற தாமிரபரணி, கருமேனியாறு, நம்பியாறு இணைப்புக் கால்வாய், கன்னடியன் அணைக்கட்டிலிருந்து சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காடு வரை ஏறத்தாழ 75 கிலோமீட்டர் நீள்கின்றது. 2025-இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. இத்தகைய முயற்சிகளிலும் கழிமுகத்துக்கு உரிய பங்கை ஒதுக்குதல் மறத்தலாகாது. நீரைப் பற்றி முடிவெடுக்கும் அவையில் உழவரோடு காணிக்காரருக்கும் பரதவருக்கும் இருக்கை வேண்டும்.

உலகநாடுகள் செய்யவேண்டியவையும் உண்டு. குடிநீர் பெறுதல் மாந்தர் அனைவரின் உரிமை என்று ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை 2010-ஆம் ஆண்டு ஜூலை 28-ஆம் நாள் அறிவித்தது. பருவமாற்றத்தால் இழப்புற்ற எளிய நாடுகளுக்கு ஈடுசெய்யத் தனி நிதி ஒன்று வேண்டும் என்று 2022-இல் எகிப்தில் கூடிய மாநாடு முடிவுசெய்தது. அறிவிப்பு விதை போன்றது. அது மலைச்சரிவில் உள்ள லயத்துக்கும், அலைவாயில் உள்ள குடிசைக்கும் சென்று சேர்ந்தாலன்றி விளைவு ஆகாது.

குறிஞ்சியும் முல்லையும் தம் இயல்பு அழிந்தால் பாலையாகிவிடும் என்று சிலப்பதிகாரம் உணர்த்துகின்றது. அப்பாலை மலையோடு நில்லாது. வயலுக்கு இறங்கும், கரைக்கும் வரும். ஆலந்தலையில் ஒரு குடம் நன்னீர் நிறையும்பொழுது, அதனுள் பொதியமலையின் ஒரு சோலையும் அச்சோலையைக் காத்த மக்களின் உழைப்பும் அடங்கியிருக்கின்றன. குடத்தை ஏந்துவோர் அக்கடனை உணர்தல் வேண்டும். உணர்ந்து, மலைமக்களின் உரிமைக்காகக் கரைமக்களும், கரைமக்களின் உரிமைக்காக மலைமக்களும் குரல் கொடுக்கும் நாளில், பொருநை இருவர்க்கும் பொதுவான ஆறாக ஓடும்.